காந்தத்த மிதக்க வெச்சதும் பசங்க "ஏன்?"னு கேப்பாங்க, அப்ப என்ன சொல்றது

நம்ம பாலக்காட்டு கொழிஞ்சாம்பாறை பக்கம் திரவ நைட்ரஜனுக்கு ரொம்ப அலைய வேண்டாங்க, மாட்டுக்கு சினை ஊசி போடறவங்க கேன்ல இருக்கறதே அதுதான், ரெண்டு நாள் முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க. அப்புறம் ஒய்பிசிஓ (இட்ரியம், பேரியம், காப்பர், ஆக்சிஜன் சேந்த மீக்கடத்தி) வில்லை ஒண்ணு, சின்ன நியோடிமியம் காந்தம், தெர்மாக்கோல் கிண்ணம், பிளாஸ்டிக் இடுக்கி. இரும்பு இடுக்கின்னா காந்தம் அதுலயே ஒட்டிக்கும். கண்ணுக்கு கண்ணாடி போட்டுக்கோங்க, ஜன்னலெல்லாம் திறந்திருக்கணும், மூடி இறுக்கற டப்பால ஊத்தவே கூடாது, வெடிச்சுரும்.

வில்லை மூழ்கற அளவுக்கு மெதுவா ஊத்துங்க. காஞ்ச தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி சொர்ர்ருன்னு கொதிக்கும், அந்த சத்தம் அடங்கற வரைக்கும் பொறுங்க, அடங்கினா வில்லை 77 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 196 டிகிரி செல்சியஸுக்கு, வந்தாச்சு. இதுக்கு 92 கெல்வினுக்கு கீழ போனாலே போதும், தடையே இல்லாம மின்சாரம் ஓடும், காந்தப்புலத்தயும் வெளிய தள்ளும், இதுதான் மீக்கடத்தல். இப்ப காந்தத்த மேல விட்டா அந்தரத்துல நிக்கும், லேசா தட்டுனா நின்ன இடத்துலயே சுத்தும்.

மீக்கடத்தல் ஏன் வருதுன்னு கேட்டா "எலக்ட்ரான் ஜோடி சேருது"ன்னு சொல்லி முடிச்சுடாதீங்க. ஜோடி எல்லா மீக்கடத்தி குடும்பத்துலயும் சேருது, சேத்து வைக்கற தரகர்தான் வேற. ஈயம் மாதிரி உலோகத்துல அணுக்களோட அதிர்வு. 2001ல வந்த மக்னீசியம் டைபோரைடுலயும் அதேதான், அது 39 கெல்வினுக்கு கீழ மீக்கடத்தும். ஹைட்ரஜன் சல்பைடு 2015ல 203 கெல்வின் தொட்டுச்சு, ஹைட்ரஜன் லேசுங்கறதால அதிர்வு அவ்வளவு வேகம், ஆனா காத்தழுத்தத்தப் போல பத்து லட்சம் மடங்குக்கு மேல அமுக்கணும்.

நம்ம கையில இருக்கற வில்லை 1986ல விஞ்ஞானிகள் பெட்னோர்ஸும் முல்லரும் ஆரம்பிச்சு வெச்ச காப்பர் ஆக்சைடு குடும்பம், இதுதான் அதிசயம், ஏன்னா ஆக்சிஜன் கொஞ்சம் கம்மியானா இதே வில்லைல மின்சாரமே போகாது, ஒவ்வொரு காப்பர்கிட்டயும் ஒரு எலக்ட்ரான் ஒண்ண ஒண்ணு நெருங்க விடாம உக்காந்திருக்கும், பக்கத்து பக்கத்து எலக்ட்ரானோட சுழல் (ஸ்பின், குட்டி காந்தம் மாதிரி) எதிரும் புதிருமா. ஆக்சிஜன் ஏறினா காப்பரும் ஆக்சிஜனும் இருக்கற தளத்துல இருந்து எலக்ட்ரான் கொஞ்சம் வெளிய போய் காலி எடம் உண்டாகுது, கட்டு தளருது, மிச்சமிருக்கற சுழல்களோட ஆட்டம்தான் ஜோடி சேக்குதுன்னு நிறைய பேர் நம்பறாங்க, இன்னும் முடிவாகல. அத பசங்ககிட்ட அப்படியே சொல்லுங்க, கண்ணு விரியும்.

இரும்பு குடும்பம் 2008ல ஜப்பான்ல ஹோசோனோ குழு கொண்டு வந்தது, 26 கெல்வின், அதே வருஷம் 55 வரைக்கும் போச்சு. இதோட மூலப்பொருள்ல மின்சாரம் சுமாரா ஓடும், காந்த ஒழுங்க அடக்கினா மீக்கடத்தல் வருது.

வகுப்பு முடிஞ்சதும் வில்லைல பனி உருகி தண்ணி நிக்கும், துடைச்சு ஹேர் டிரையர்ல காய வெச்சு சிலிக்கா ஜெல் போட்ட டப்பால வைங்க. எடவப்பாதி மழையில ஈரத்தோட விட்டதுல என் மொத வில்லை ஓரமெல்லாம் வெளுத்துப் பொடிஞ்சிருச்சுங்க.