அட்மின் பக்கம் அலுவலகத்துக்கு மட்டும்: என்ஜின்எக்ஸில் ஐபி கட்டுப்பாடு

என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வர் மென்பொருளின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பைத் தொடும் முன், வந்த கோரிக்கைகளைப் பதிவு செய்யும் ஆக்சஸ் லாகைப் பாருங்கள். அலுவலகத்திலிருந்து தளத்தை ஒருமுறை திறந்துவிட்டு, லாகில் புதிதாக விழுந்த வரியின் தொடக்கத்தில் என்ன முகவரி இருக்கிறது என்று கவனியுங்கள். அனுமதிக்க வேண்டியது அதைத்தான். சர்வர் கிளவுடில் இருந்தால் 192.168 என்று தொடங்கும் உள் முகவரி அங்கே வராது. ரூட்டரின் பொது ஐபிதான் வரும்.

அந்த ஐபி நிலையானதா என்று இணைய நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரூட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், ஒரே பொது ஐபியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்கிறார்கள். அதை அனுமதித்தால் முன்பின் தெரியாதவர்களுக்கும் கதவு திறக்கும். அப்படியானால் விபிஎன் (உங்கள் இணைப்பைத் தனி சர்வர் வழியாக அனுப்பும் ஏற்பாடு) வைத்து, அதன் முகவரியை அனுமதிப்பதே சரி.

இனி அமைப்பு. /அட்மின்/ பாதைக்கான லொகேஷன் பிளாக்கில் (ஒரு பாதைக்கான விதிகளை எழுதும் பகுதி) முதல் வரி 'அலோ 203.0.113.25;', அடுத்த வரி 'டினை ஆல்;'. (கோப்பில் இவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும், ஐபிக்குப் பதிலாக உங்களுடையதைப் போடுங்கள்.) விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும், முதலில் பொருந்தியதே செல்லும். டினை ஆல் மேலே ஏறிவிட்டால் நீங்களும் வெளியேதான். சர்வர் அலுவலகத்துக்குள்ளேயே இருந்தால், முழு உள் நெட்வொர்க்கையும் அனுமதிக்க 192.168.1.0/24 என்று எழுதலாம். அது 256 முகவரிகள். சோம்பலில் 10.0.0.0/8 என்று போட்டால் 1.67 கோடிக்கும் மேல்.

பிஎச்பி தளங்களில் பலரும் கோட்டை விடுவது ஓர் இடத்தில். பிஎச்பி கோப்புகளுக்கென்று ரெகெக்ஸ் (எழுத்து வடிவத்தை வைத்துப் பொருத்தும்) லொகேஷன் தனியாக இருக்கும். பாதையின் தொடக்கத்தை மட்டும் பார்க்கும் சாதாரண முன்னொட்டு லொகேஷனைவிட அதற்கே முன்னுரிமை. ஆகவே /அட்மின்/ என்று திறந்தால் 403 (அனுமதி இல்லை) வந்தாலும், அதற்குள் இருக்கும் பிஎச்பி கோப்பின் முழு முகவரியைக் கொடுத்தால் தடையின்றித் திறந்துவிடும். லொகேஷனுக்கும் பாதைக்கும் நடுவே ^~ குறியைச் சேர்த்து, பிஎச்பி பிளாக்கின் நகலையும் அதற்குள்ளேயே வையுங்கள்.

சர்வருக்கு முன்னால் கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் ப்ராக்ஸியோ, அவற்றைப் பல சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் லோட் பேலன்சரோ இருந்தால் எல்லாக் கோரிக்கைகளும் அதன் ஐபியிலிருந்து வருவதுபோலத் தெரியும். ரியல் ஐபி ஹெட்டர் அமைப்பில், வந்தவரின் அசல் ஐபியைச் சுமந்துவரும் ஹெட்டரான எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்று கொடுங்கள். செட் ரியல் ஐபி ஃப்ரம் அமைப்பில் அந்த ப்ராக்ஸியின் முகவரி மட்டுமே இருக்க வேண்டும். எல்லா முகவரிகளையும் குறிக்கும் 0.0.0.0/0 என்று போடச் சொல்லும் குறிப்புகளை நம்பாதீர்கள்: அந்த ஹெட்டரை யார் வேண்டுமானாலும் போலியாக எழுதி அனுப்பலாம், உங்கள் சர்வரும் அதை நம்பிவிடும்.

'என்ஜின்எக்ஸ் -டி' (டெஸ்ட் என்பதன் முதல் எழுத்து) கொடுத்துப் பிழையில்லை என்று தெரிந்தபின் ரீலோட் செய்யுங்கள். மொபைல் டேட்டாவில் திறந்தால் 403 வர வேண்டும். எரர் லாகில் 'ஆக்சஸ் ஃபார்பிடன் பை ரூல்' என்று பதிவாகும். அலுவலகத்திலிருந்தே 403 வந்தால் அந்த வரியில் உள்ள ஐபியைப் பாருங்கள். முக்காற்புள்ளிகள் நிறைந்த நீண்ட முகவரியாக இருந்தால் பிரவுசர் ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) வழியாகப் போயிருக்கிறது. அந்த வரம்புக்கும் ஓர் அலோ வரி தேவை.

சோதனைக்காக அதே பிளாக்கில் 'ரிட்டர்ன் 200' ('சரி' என்று உடனே பதில் தரும் வரி) எழுதிப் பார்க்காதீர்கள். ரிட்டர்ன் அனுமதிச் சோதனைக்கு முன்பே இயங்கிவிடுவதால், விதி சரியாக இருந்தாலும் எல்லோருக்கும் திறந்திருப்பதாகவே காட்டும்.