சிவப்புத் துணி கட்டிய கேன்: செயின்சோவுக்குப் பெற்றோல் கலக்கும் விதம்

கொழும்பு ஆமர் வீதிக்குப் பக்கத்துச் சந்தொன்றில் எனக்கு இருப்பதைக் கடை என்று சொல்ல முடியாது. ஷட்டர் வைத்த ஓர் அறை, ஒரு மேசை, ஒரு வைஸ், ஆணியில் தொங்கும் பழைய செயின்கள். செயின்சோ, புல்வெட்டும் மெசின், மருந்தடிக்கும் மெசின் என்று, பெற்றோலோடு ஒயிலைக் கலந்து ஊற்றி ஓட்டும் டூ-ஸ்ட்ரோக் சாமான்கள்தான் வரும். மே மாதக் காற்றுமழையில் நகரத்தில் இரண்டு மாரா மரம் சாய்ந்தால் போதும், அடுத்த நாள் காலை ஷட்டரைத் தூக்க முன்பே யாராவது செயின்சோவோடு நிற்பார்கள். "அண்ணே, நேற்று வரைக்கும் ஓடினது."

போன மழைக்கு அப்படி ஒன்று வந்தது. கயிறு இழுபடவே இல்லை. சைலன்சரைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தேன். பிஸ்டனில் மேலிருந்து கீழே கோடு கோடாகக் கீறல். காய்ந்த பளபளப்பு, ஒயில் ஈரம் ஒரு துளி இல்லை. வெறும் பெற்றோலில் ஓடியிருக்கிறது. வீட்டுக்கார ஐயா ஒழுங்காகக் கலந்துதான் வைத்திருந்தார். ஜெனரேட்டருக்கு வைத்திருந்த கேனும் அதே நிறம், அதே அளவு. காவலுக்கு நின்ற பையன் கைக்கு எட்டியதை எடுத்து ஊற்றிவிட்டான். பையனை ஏசிப் பிரயோசனமில்லை. சிலிண்டர், பிஸ்டன் மாற்றும் செலவு மெசின் விலையில் பாதிக்கு வந்தது.

என் அனுபவத்தில் கலவையின் அளவு கொஞ்சம் பிசகிச் செத்த மெசினைவிடக் கேன் மாறிச் செத்த மெசின்தான் அதிகம். அதனால் முதலில் கேன். கலவை வைக்கும் கேனின் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுங்கள். பெயின்ட் மார்க்கரால் "கலந்தது, 50:1" என்று உங்கள் விகிதத்தையும் (கணக்கு கீழே வரும்) கலந்த திகதியையும் எழுதுங்கள். வீட்டில் சிங்களம் வாசிக்கிறவர் வேலை செய்தால் சிங்களத்திலும் எழுதுங்கள். துணி எந்தப் பாஷைக்காரருக்கும் புரியும். பெற்றோலுக்கென்று விற்கும் தடித்த கேன்தான் வேண்டும். சோடாப் போத்தலில் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். மூடி கசியும், அதைவிட மோசம், தாகத்தில் யாராவது எடுத்துக் குடிக்கலாம்.

எந்தக் கேனில் என்ன இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் வெள்ளைக் கடதாசியில் நாலு துளி விட்டு, அடுப்புக்குத் தூரமாகக் காய வையுங்கள். வெறும் பெற்றோல் தடயமில்லாமல் பறந்துவிடும். கலந்ததென்றால் எண்ணெய் வட்டம் நிற்கும், வடை சுற்றிய பேப்பர் மாதிரி. எவ்வளவு கலந்தது என்பதை அது சொல்லாது, கலந்ததா இல்லையா என்பதை மட்டும் சொல்லும்.

சரி, ஏன் கலக்க வேண்டும்? காரில் எஞ்சினுக்கு அடியில் ஒயில் தனியாகத் தேங்கி நிற்கும். டூ-ஸ்ட்ரோக்கில் அந்த இடத்துக்கு வேறு வேலை. காபரேட்டரிலிருந்து வரும் காற்றும் பெற்றோலும் முதலில் கிராங்க் அறைக்குள் போய், பிஸ்டன் கீழே இறங்கும்போது அமுங்கி, பக்க வழியால் மேலே ஏறுகின்றன. அங்கே ஒயிலைத் தேக்க முடியாது. பெற்றோலோடு கூடப் போகும் ஒயில்தான் பேரிங்குகளையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு, கடைசியில் தானும் எரிந்து புகையாகிறது. நடுத்தர செயின்சோ ஒன்று முழு வேகத்தில் நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் போகும். அந்த வேகத்தில் ஒயில் இல்லாமல் ஒரு டாங்க் பெற்றோல் முடியும்வரைகூடத் தாங்காது.

கலப்பதற்கு முன் உங்கள் மெசின் டூ-ஸ்ட்ரோக்தானா என்று பாருங்கள். இப்போது வரும் புல்வெட்டும் மெசின்களில் சில நான்கு ஸ்ட்ரோக். எஞ்சினில் ஒயில் ஊற்றத் தனி மூடி இருந்தால் அது நான்கு ஸ்ட்ரோக், அதற்கு வெறும் பெற்றோல்தான். செயின்சோவில் இது குழப்பும், ஏனென்றால் அதிலும் இரண்டு மூடி உண்டு. ஒன்று கலவைக்கு, மற்றது செயினை நனைக்கும் ஒயிலுக்கு. மூடிக்குப் பக்கத்தில் செயின் படம் போட்டிருப்பது செயின் ஒயில். இந்த இரண்டையும் மாற்றி ஊற்றி வந்தவர்களும் உண்டு. கராஜில் கழித்த கறுப்பு ஒயிலைச் செயினுக்கு ஊற்றுவது கொழும்பில் பழக்கமாகிவிட்டது. அதில் இரும்புத் தூளும் கரியும் இருக்கிறது, செயின் ஓடும் பாரையும் செயினையும் அது தின்றுவிடும். ஒவ்வொரு முறை பெற்றோல் ஊற்றும்போதும் செயின் ஒயிலையும் நிரப்புங்கள்.

கணக்குக்கு வருவோம். 50:1 என்றால் 50 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு ஒயில். 1000 மில்லியை 50ஆல் வகுத்தால் 20. அதாவது லீற்றருக்கு 20 மில்லி. 40:1 என்றால் 25 மில்லி. 25:1 என்றால் 40 மில்லி. பார்மசியில் 20 மில்லி சிரிஞ்ச் கேளுங்கள், ஊசி வேண்டாம். 50:1க்கு லீற்றருக்கு ஒரு சிரிஞ்ச், 25:1க்கு இரண்டு. இதைவிடச் சுலபமான அளவுகோலை நான் காணவில்லை. ஒருவர் யோகட் கோப்பையால் அளப்பதாகச் சொன்னார். "கால் கோப்பை போடுவேன் தம்பி." கால் கோப்பை என்பது கண் போடும் கணக்கு, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

எந்த விகிதம் என்பதை மெசினின் கைநூல் சொல்லும். செயின்சோ செய்யும் ஸ்டீல் (Stihl) கம்பனி தன் ஒயிலோடு 50:1 என்கிறது, வேறு கம்பனியின் டிசி வகை (காற்றால் குளிரும் டூ-ஸ்ட்ரோக்குக்கான தரம்) ஒயிலென்றால் 25:1. ஹஸ்க்வர்னா தன் ஒயிலுக்கு 50:1, இல்லாவிட்டால் 33:1, அதாவது லீற்றருக்கு 30 மில்லி. மலிவு சீன மெசின்கள் பலவற்றில் 25:1 என்று டாங்கிலேயே ஒட்டியிருக்கும். அதை அப்படியே கேளுங்கள்.

"கொஞ்சம் கூடப் போட்டால் மெசினுக்கு நல்லதுதானே?" இந்தக் கேள்வி கிழமைக்கு ஒரு முறையாவது வரும். இல்லை. காபரேட்டரின் துளை விடும் திரவத்தின் அளவு மாறாது. அதில் ஒயில் கூடினால் எரிகிற பெற்றோல் குறைகிறது, எஞ்சின் சூடாகிறது. எரியாத ஒயில் கரியாகிப் புகை வெளியேறும் வாசலை அடைக்கும், ரிங்கை ஒட்ட வைக்கும், பிளக்கை நனைக்கும். அதற்காகக் குறைத்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டுமென்றால் நான் கூடியதைத்தான் எடுப்பேன். கரியைச் சுரண்டலாம், கீறல் விழுந்த சிலிண்டரைச் சுரண்ட முடியாது.

ஒயில் வாங்கும்போது போத்தலைத் திருப்பிப் பாருங்கள். ஜாசோ என்ற ஜப்பான் தரக்குறியோடு எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்று ஏதாவது அச்சிட்டிருக்கும். எஃப்டி மேல்தரம், சுத்தமாக எரியும். எஃப்சி போதும். டிசி-டபிள்யூ3 என்றிருந்தால் அது தண்ணீரால் குளிரும் படகு எஞ்சினுக்குச் செய்தது. முகத்துவாரத்தில் படகு வைத்திருக்கும் சொந்தக்காரர் ஓசியில் ஒரு போத்தல் தந்தாலும் காற்றால் குளிரும் செயின்சோவுக்கு வேண்டாம், இதன் சூடு வேறு. 20டபிள்யூ-50 என்று மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் ஒயிலும் வேண்டாம், அது எரிவதற்காகச் செய்ததல்ல, சாம்பல் விடும். நான் வழக்கமாக வாங்குவது பழைய சோனகத் தெருவில் ஒரு நானாவிடம். போத்தலின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுப்பேன். நானா கோபிக்க மாட்டார், அவரும் அப்படித்தான் வாங்குவாராம்.

பெற்றோல் 92 ஒக்டேன் போதும். பெரும்பாலான கைநூல்கள் கேட்பது குறைந்தது 90. 95 போட்டால் வேகம் கூடும் என்பது காசுக்குக் கேடு. ஒக்டேனைவிடப் பெற்றோலின் வயது முக்கியம். 2022இல் வரிசையில் நின்ற காலம் நினைவிருக்கும். கிடைத்ததையெல்லாம் கேனில் சேர்த்து வைத்தோம், நானும்தான். பிறகு ஜூலையில் பெற்றோலை அளந்து கொடுக்கும் கியூஆர் பாஸ் வந்து வரிசை குறைந்தபோது, மாதக்கணக்கில் கிடந்த பெற்றோலை மெசினில் ஊற்றியவர்கள் என்னிடம் வரிசையாக வந்தார்கள். பழைய பெற்றோல் வார்னிஷ் மாதிரி மணக்கும். லேசானது பறந்துபோய்ப் பிசின் மட்டும் மிஞ்சி, காபரேட்டரின் துளைகளை அடைத்துவிடும். கொழும்புச் சூட்டில் நான் ஒரு மாதத்துக்கு மேல் கலவை வைப்பதில்லை. வாரத்தில் ஒரு நாள் கிளை வெட்டுகிற வீட்டுக்கு ஒரு லீற்றர் கலந்தால் தாராளம்.

கலப்பது ஐந்து நிமிட வேலை. வெளியில், நிழலில், சிகரெட்டும் அடுப்பும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். கேனில் பாதிப் பெற்றோல், பிறகு அளந்த ஒயில் முழுவதும், மூடிக் குலுக்குங்கள். மீதிப் பெற்றோலை ஊற்றி இன்னொரு தரம் குலுக்குங்கள். ஒயிலை அடியில் விட்டு மேலே பெற்றோலைக் கொட்டினால் அது மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். மெசினின் டாங்குக்குள் இரண்டையும் தனித்தனியாக ஊற்றி ஆட்டும் வேலை ஒருபோதும் வேண்டாம். முதல் உறிஞ்சலில் எது போகும் என்று யாருக்கும் தெரியாது. ஒயில் மட்டும் எடுங்கள் அந்தச் சிரிஞ்சால். பெற்றோல் பட்டால் அதன் ரப்பர் ஊதி, அடுத்த முறை நகராது.

டாங்கில் ஊற்ற முன் கேனை மறுபடி குலுக்குங்கள், மூடியைச் சுற்றியுள்ள மரத்தூளைத் துடையுங்கள். ஒரு சிட்டிகை தூள் போதும் ஃபில்டரை அடைக்க. சூடான எஞ்சினில் ஊற்றாதீர்கள். ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம் ஆறட்டும். ஊற்றிய இடத்திலேயே ஸ்டார்ட் பண்ணாமல் குறைந்தது 3 மீட்டர் தள்ளிப்போய்க் கயிற்றை இழுங்கள்.

மழை முடிந்து மெசினை எடுத்து வைக்கும்போது டாங்கை வெறுமையாக்கி, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். காபரேட்டரில் மிஞ்சியதும் எரிந்துவிடும், உள்ளே உள்ள மெல்லிய டயஃப்ரமில் பிசின் படியாது. மிஞ்சிய கலவையை வடிகானில் ஊற்றாதீர்கள், அது நேராகக் கால்வாய்க்கும் கடலுக்கும்தான் போகும். மூடியை இறுக்கி, சிவப்புத் துணி தெரிகிற மாதிரி என்னிடம் கொண்டு வாருங்கள். பழசென்றால் பழைய சாமான் கழுவ வைத்துக்கொள்வேன், புதுசென்றால் என் மெசினுக்கு.