எஸ்ஏசிடி, டிவிடி ஆடியோ: இப்போது வாங்குகிறவர்கள் எதைப் பார்க்க வேண்டும்

சிடியைவிட நல்ல ஒலி தருவதாகச் சொல்லி வந்த இரண்டு வகை வட்டுகள் எஸ்ஏசிடியும் (சூப்பர் ஆடியோ சிடி) டிவிடி ஆடியோவும். அவற்றில் ஒன்றை வாங்கும் எண்ணம் இருந்தால், உறைமேல் அச்சடித்திருக்கும் எண்களை முதலில் மறந்துவிடுங்கள். அந்த எண்களை நம்பித்தான் பெரிய கம்பெனிகளே கையைச் சுட்டுக்கொண்டன. நான் டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். விடுமுறை நாளில் பாதி டிஸ்க் யூனியன் என்ற இசைக்கடையின் பழைய வட்டு அலமாரிகளில் போகும், மீதி பழைய மின்சாதனங்கள் விற்கும் ஹார்ட் ஆஃப் கடையின் ஜங்க் மூலையில். இந்த வட்டுகள் ஏன் விற்கவில்லை என்று தெரிந்துகொண்டால், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதும் கூடவே தெரிந்துவிடும். அதனால் இரண்டையும் கலந்தே சொல்கிறேன்.

கதை சுருக்கமாக. 1982இல் சிடியைக் கொண்டுவந்த சோனியும் பிலிப்ஸும் 1999இல் எஸ்ஏசிடியைக் கொண்டுவந்தன. சிடி, ஒலியை விநாடிக்கு 44,100 தடவை அளந்து ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதுகிறது. எஸ்ஏசிடியில் ஒரே ஒரு பிட்தான், ஆனால் விநாடிக்கு 28 லட்சம் தடவைக்கு மேல். முதல் பிளேயரான எஸ்சிடி-1 ஜப்பானில் 5 லட்சம் யென். எதிர் முகாமில் டிவிடி ஃபோரம், அதாவது டிவிடி விதிமுறைகளை வகுத்த கம்பெனிகளின் கூட்டமைப்பு. அவர்களுடைய டிவிடி ஆடியோ 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் (விநாடிக்கு 1,92,000 தடவை) வரை போகும். அது 1999 கடைசியிலேயே வந்திருக்க வேண்டியது. அந்த நேரம் பார்த்து டிவிடி படங்களைக் காப்பி அடிக்காமல் தடுக்கும் பூட்டை உடைக்கும் நிரல் இணையத்தில் வெளியாகிவிட, வேறு பூட்டு தயார்செய்து 2000இல்தான் வந்தது. இதன் வட்டு அதன் பிளேயரில் ஓடாது, அதன் வட்டு இதில் ஓடாது. யார் ஜெயிக்கிறார்கள் பார்த்துவிட்டு வாங்கலாம் என்று ஜனங்கள் சும்மா இருந்தார்கள். அதற்குள் 2001இல் ஐபாட், 2003இல் ஐடியூன்ஸ் கடை. சிடியைவிடக் குறைந்த தரத்துக்கு மக்கள் சந்தோஷமாகக் காசு கொடுத்தார்கள்.

சரி, வட்டுக்கு வருவோம். எஸ்ஏசிடியில் இரண்டு ஜாதி உண்டு. ஹைப்ரிட் வட்டில் இரண்டு அடுக்குகள்: பெயர் அச்சிட்ட மேல்பரப்புக்கு அருகில் சாதா சிடி அடுக்கு, பாதி ஆழத்தில் எஸ்ஏசிடி அடுக்கு. சிடி பிளேயரின் 780 நானோமீட்டர் லேசர் நடு அடுக்கை ஊடுருவிப் போய்விடும். எஸ்ஏசிடி பிளேயரின் 650 நானோமீட்டர் லேசர் அதே நடு அடுக்கில் பட்டுத் திரும்பும். அதனால் ஹைப்ரிட் எந்தப் பிளேயரிலும் பாடும். சிங்கிள் லேயர் வட்டில் சிடி அடுக்கே கிடையாது. காரில் போட்டால் துப்பிவிடும். சோனி ஆரம்பத்தில் விற்றவை பெரும்பாலும் இந்த இரண்டாவது ஜாதி. புதுப் பிளேயர் வாங்காதவருக்கு அந்த வட்டால் ஒரு பயனும் இல்லை. விற்பனை படுத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். எஸ்ஏசிடி சின்னத்தோடு வழக்கமான காம்பாக்ட் டிஸ்க் சின்னமும் இருந்தால் ஹைப்ரிட். எஸ்ஏசிடி சின்னம் மட்டும் இருந்தால் சிங்கிள் லேயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய வட்டுகளுக்கு முதுகுப்பக்கம் ஓபி என்று ஒரு காகிதப் பட்டை இருக்கும், அதிலும் எழுதியிருப்பார்கள். போன் கேமராவே படித்துச் சொல்லிவிடும். யுனிவர்சல் ஜப்பான் 2010 முதல் வெளியிட்ட எஸ்எச்எம்-எஸ்ஏசிடிகள் சிங்கிள் லேயர். எஸ்ஏசிடி பிளேயர் கையில் இல்லாமல் அவற்றைத் தொடவே வேண்டாம்.

இதற்கு நேர்மாறான அதிர்ஷ்டமும் உண்டு. ரோலிங் ஸ்டோன்ஸின் 1960களின் ஆல்பங்கள் 2002இல் ஹைப்ரிடாக மறுபடி வந்தபோது, அதைப் பெரிதாக அறிவிக்காமல் சாதா சிடி மாதிரியே விற்றார்கள். கையில் இருப்பது எஸ்ஏசிடி என்பதே வாங்கியவர்கள் பலருக்குத் தெரியாது, விற்கிறவர்களுக்கும் தெரியாது. அட்டை உறையில் வந்த அந்தப் பதிப்பைக் கடையின் எஸ்ஏசிடி அலமாரியில் தேடாமல் சாதா சிடி அலமாரியில் தேடுங்கள்.

டிவிடி ஆடியோவில் சிக்கல் வேறு. பெரும்பாலான வட்டுகளில் சாதா டிவிடி பிளேயருக்காக டால்பி டிஜிட்டல் ஒலியும் தனியே போட்டிருப்பார்கள். சாதா பிளேயரில் போட்டால் அந்தச் சுருக்கப்பட்ட ஒலிதான் ஓடும். மெனு வரும், படம் வரும், ஐந்து ஸ்பீக்கரும் பாடும், ஆனால் நீங்கள் காசு கொடுத்த ஒலி வட்டுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கும். பிளேயரின் முன்பக்கம் டிவிடி ஆடியோ சின்னம் இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்றே வழி. ஒரு பக்கம் சிடி, மறுபக்கம் டிவிடி என்று 2004 வாக்கில் வந்த டூயல் டிஸ்க்கை நான் வாங்குவதே இல்லை. வட்டு வழக்கத்தைவிடத் தடிமன், சிடி பக்கம் சிடி விதிமுறைக்கே பொருந்தாது. வட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும் பிளேயர்களில் மாட்டிக்கொள்ளும் அபாயமும் இருக்கிறது.

பிளேயர் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். எஸ்ஏசிடி பிளேயர் சிடியையும் வாசிக்க, முன்பு சொன்ன 780, 650 இரண்டு அலைநீள லேசரும் வேண்டும். பழைய பெட்டிகளில் 650 பக்கம் முதலில் தேய்ந்துபோய், சிடி மட்டும் அழகாகப் பாடுவது உண்டு. கடைக்காரர் சிடியைப் போட்டுக் காட்டி, நல்லாத்தான் ஓடுகிறது என்பார். லேசர் பாதி போனது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். அதனால் பையில் எப்போதும் ஒரு ஹைப்ரிட் வட்டும் ஒரு ஹெட்போனும் இருக்கட்டும். ஹார்ட் ஆஃபின் பல கிளைகளில் மின் இணைப்போடு ஒரு சோதனை மேசை இருக்கும். வட்டைப் போட்டு, முன்பலகையில் எஸ்ஏசிடி விளக்கு எரிகிறதா பாருங்கள். எரிந்தால் போதாது. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுக்குத் தாவுங்கள், திரும்பி வாருங்கள். வட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றி யோசித்துக்கொண்டே நின்றால், அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நல்ல பெட்டி சில நொடிகளில் பிடித்துவிடும்.

மலிவான வழி ஒன்று: பழைய பிளேஸ்டேஷன் 3. முன்பக்கம் நான்கு யுஎஸ்பி துளைகள் உள்ள ஆரம்பகால மாடல்கள் எஸ்ஏசிடி வாசிக்கும். பிறகு வந்த இரண்டு துளை மாடல்களும் 2009இல் வந்த ஸ்லிம்மும் வாசிக்காது. இரண்டு வகை வட்டும் ஒரே பெட்டியில் ஓட வேண்டும் என்றால் ஒப்போவின் பழைய ப்ளூரே பிளேயர்கள், அல்லது சோனி யுபிபி-எக்ஸ்800.

கோயம்புத்தூரிலிருந்து என் மச்சான், "மாப்ள, அங்க கம்மி விலைக்குக் கெடச்சா எனக்கொண்ணு தூக்கிட்டு வந்துரு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஜப்பானில் விற்கும் ஆம்ப், பிளேயர் பலவும் 100 வோல்ட்டுக்கு மட்டுமே செய்தவை. நம் ஊர் 230ல் செருகினால் ஒரே நொடிதான். பின்பக்கம் ஒட்டியிருக்கும் எழுத்தைப் படியுங்கள். 100 மட்டும் இருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் செலவையும் கணக்கில் சேருங்கள்.

இனி இணைப்பு. ஆரம்பத்தில் எங்கே காப்பி அடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் டிஜிட்டல் வழியாக இந்த ஒலியை வெளியே விடவில்லை. 5.1 ஒலி (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) கேட்க பிளேயருக்கும் ஆம்புக்கும் நடுவே ஆறு அனலாக் வயர் இழுக்க வேண்டும். அதற்கேற்ற ஆறு துளை ஆம்பில் இருக்க வேண்டும். எஸ்ஏசிடி ஒலியை எடுத்துப்போகும் எச்டிஎம்ஐ 1.2 வந்தது 2005இல், அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. கம்பெனிகள் தங்கள் கழுத்தில் தாங்களே போட்டுக்கொண்ட சுருக்கு என்றுதான் இதைச் சொல்வேன். இன்று வாங்குகிறவர்கள் எச்டிஎம்ஐ உள்ளதையே வாங்குங்கள். ஸ்டீரியோ மட்டும் போதும் என்றால் அந்தக் கவலையும் இல்லை, சிவப்பு வெள்ளை வயரே போதும். மாட்டியதும் பிளேயரின் அமைப்பில் எஸ்ஏசிடி முன்னுரிமை என்ற இடத்தைத் தேடுங்கள். அங்கே சிடி என்று இருந்தால் ஹைப்ரிட் வட்டில் சிடி அடுக்கைத்தான் வாசித்துக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் செய்தால் சிடியைவிட நன்றாக இருக்குமா? 2007இல் மேயர், மோரன் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். எஸ்ஏசிடி, டிவிடி ஆடியோ ஒலியை நடுவில் சிடி தரத்துக்குக் குறைத்து, எது எது என்று கேட்பவரிடம் கேட்டார்கள். 554 தடவையில் சரியான பதில் 49.8 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்தாலும் அதுதான் வரும். ஆனால் அதே இருவர், இந்த வட்டுகள் பொதுவாக சிடிகளைவிட நன்றாகவே ஒலித்தன, காரணம் மாஸ்டரிங்கில், அதாவது பதிவை வட்டுக்காக இறுதியாகச் சரிசெய்யும் வேலையில், எடுத்துக்கொண்ட அக்கறை என்றும் எழுதினார்கள். 2016இல் ஜோஷுவா ரைஸ் பல சோதனைகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்ததில் 52.3 சதவீதம் வந்தது. வித்தியாசம் இருக்கிறது, மிகச் சின்னது.

வீட்டில் ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் முதலில் சத்தத்தைச் சமன் செய்யுங்கள். எஸ்ஏசிடி அடுக்கின் சத்தம் பெரும்பாலும் சற்றுக் குறைவாக இருக்கும், சத்தம் கூடியது எதுவும் காதுக்கு நல்லதாகவே படும். போனில் ஒலி அளக்கும் செயலி போதும். ஒரு ஹைப்ரிட்டின் இரண்டு அடுக்கும் ஒரே மாஸ்டரிலிருந்து வந்திருக்கும் என்றும் நம்பாதீர்கள். சிடி அடுக்கை மட்டும் இறுக்கிச் சத்தமாக்கிய வட்டுகள் உண்டு.

ஆக, நான் காசு கொடுப்பது இரண்டுக்குத்தான்: நல்ல மாஸ்டரிங், வேறெங்கும் கிடைக்காத பல சேனல் கலவை. தமிழ்ப் பாட்டு எஸ்ஏசிடி எதையும் இந்தக் கடைகளில் நான் பார்த்ததில்லை. மேற்கத்திய சாஸ்திரிய இசை பிடிக்கும் என்றால் கொட்டிக்கிடக்கிறது. நெதர்லாந்தின் பென்டாடோன், சுவீடனின் பிஸ் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். பென்டாடோன் வெளியிட்டவற்றில் 1970களில் பிலிப்ஸ் நான்கு சேனலில் பதிவு செய்த நாடாக்களும் உண்டு. குவாட்ரஃபோனிக் எனப்பட்ட அந்த நான்கு சேனல் ஒலியின் சந்தையும் அந்தக் காலத்தில் படுத்துப்போனது. ஆர்சிஏவின் லிவிங் ஸ்டீரியோ வரிசையில் 1950களின் மூன்று தட நாடாக்கள் மூன்று சேனலாகவே வந்திருக்கின்றன. நான்கு சேனல் வட்டைப் போட்டால் நடு ஸ்பீக்கரும் சப்வூஃபரும் பேசாது. மூன்று சேனல் வட்டைப் போட்டால் பின்பக்கம் முழுக்க அமைதி. பதிவே அப்படித்தான், வட்டில் கோளாறு என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய்விடாதீர்கள்.