கன உலோகமும் நன்னீர் மீனும்: ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு மாணவி தன் ஆய்வுக் குறிப்பேட்டைக் காட்டினார். தாமிரம் எவ்வளவு, மீன்கள் எத்தனை, எத்தனை மணி நேரத்தில் எத்தனை செத்தன, எல்லாம் வரிசையாக இருந்தது. தண்ணீர் என்ற இடத்தில் மட்டும் ஒரே சொல்: போர்வெல். நான் ஆய்வு தொடங்கியபோது என் குறிப்பேட்டிலும் அதே இடத்தில் அதே சொல்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது, அதனால்தான் இதை எழுதுகிறேன். பாட்டிலை அமிலத்தில் கழுவுங்கள், லேபிள் ஒட்டுங்கள் என்பதையெல்லாம் எந்த ஆய்வகத்திலும் முதல் நாளே சொல்லிவிடுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

தண்ணீரை மறந்து உலோகத்தை மட்டும் அளப்பது

லிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் தாமிரம் இருந்தால் மீனுக்கு இவ்வளவு பாதிப்பு என்று நிலையான கணக்கு எதுவும் கிடையாது. ஒரே அளவு தாமிரம் ஒரு ஆற்றில் மீனைக் கொல்லும், இன்னொரு ஆற்றில் அதே இன மீன் நன்றாகவே நீந்திக்கொண்டிருக்கும்.

காரணம் செவுளில் இருக்கிறது. நன்னீர் மீனின் இரத்தத்தில் உள்ள உப்பு, வெளியே நீரில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் சோடியம் உடலிலிருந்து ஓயாமல் கசிந்துகொண்டே இருக்கும், செவுள் செல்கள் அதை நீரிலிருந்து திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கால்சியத்தையும் மீன் பெரும்பாலும் செவுள் வழியாகத்தான் எடுத்துக்கொள்கிறது. உலோகம் வந்து உட்காருவது இந்த வாசலில்தான். காட்மியமும் துத்தநாகமும் கால்சியம் நுழையும் வழியை அடைக்கின்றன. தாமிரம் சோடியத்தை உள்ளே இழுக்கும் நொதியை முடக்குகிறது. உலோகம் மிக அதிகமாக இருந்தால் செவுளில் சளி மூடி மீன் மூச்சுத் திணறிச் சாகும். அதைவிடக் குறைந்த அளவுகளில் மூச்சுக்குக் குறையில்லாமலேயே, உடம்பு உப்பை இழந்து மெல்ல மெல்லத் தளர்ந்து போகும்.

சரி, இப்போது அதே வாசலில் தண்ணீரில் உள்ள கால்சியமும் நிற்கிறது என்று வையுங்கள். கடின நீரில் கால்சியம் நிறைய இருப்பதால் உலோகத்துக்கு இடம் கிடைப்பது கஷ்டம். மென்னீரில் போட்டிக்கு ஆளே இல்லை. இன்னொரு பக்கம், இலைதழை மட்கித் தண்ணீருக்குத் தேநீர் நிறம் கொடுக்கிற கரிமப் பொருள் தாமிரத்தைப் பிடித்துக் கட்டி வைத்துவிடும், அப்படிக் கட்டுண்ட தாமிரம் செவுளில் ஒட்டாது. கருவி காட்டும் மொத்த அளவில் கட்டுண்டதும் கட்டுப்படாததும் சேர்ந்துதான் இருக்கும்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை துத்தநாகத்துக்கு ஒற்றை எண்ணை வரம்பாக வைக்காமல் ஒரு சூத்திரத்தைக் கொடுத்திருப்பது இதனால்தான். அதன்படி, கடினத்தன்மை லிட்டருக்கு 50 மில்லிகிராம் உள்ள நீரில் குறுகிய கால வரம்பு சுமார் 65 மைக்ரோகிராம், 200 உள்ள நீரில் சுமார் 210. ஏறக்குறைய மூன்று மடங்கு வித்தியாசம்! தாமிரத்துக்கு அதே முகமை 2007-இல் வெளியிட்ட முறையில் கடினத்தன்மை மட்டும் போதாது, கரைந்த கரிமமும் பிஎச் அளவும் சேர்ந்தே கணக்கில் வரும்.

எனக்கு இது தெரியாது. நான் ஆய்வு செய்த ஆற்றின் நீர் மிக மென்மையானது. ஆற்றில் அளந்த தாமிர அளவை ஆய்வகத் தொட்டியில் போர்வெல் நீரில் கலந்து, கெண்டைக் குஞ்சுகளை 96 மணி நேரம் விட்டேன். அந்தப் போர்வெல் நீரோ துணியில் தேய்த்தால் சோப்பு நுரைக்காத கடின நீர். ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை. இந்த ஆற்றின் தாமிரத்தால் மீனுக்கு ஆபத்தில்லை என்று எழுதிக் கொடுத்தேன். படித்த மூத்தவர் ஒரே கேள்வி கேட்டார்: "கடினத்தன்மை எவ்வளவு?" பதில் இல்லை. தண்ணீர் மாதிரியையும் எடுத்து வைக்கவில்லை, பின்னால் அளந்து பார்க்கவும் வழியில்லை. ஒரு பருவம் முழுக்க வீண், அத்தனை மீன்களையும் வீணாகத் துன்புறுத்தியிருக்கிறேன். அதைவிட மோசம், அந்த அறிக்கையை நம்பி யாராவது அந்த ஆற்றைச் சும்மா விட்டிருந்தால்? இன்றைக்கும் கடினத்தன்மை எழுதாத அட்டவணையைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, ஏனென்றால் அந்தப் பரிசோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

ஆகவே கடினத்தன்மை, காரத்தன்மை (அமிலத்தைத் தாங்கும் திறன்), பிஎச், வெப்பநிலை, கரைந்த கரிமம் ஐந்தையும் உலோக அளவோடு ஒரே வரிசையில் எழுதுங்கள். கடினத்தன்மையும் காரத்தன்மையும் ஒன்றல்ல. கால்சியம் குளோரைடு சேர்த்தால் முதலாவது ஏறும், இரண்டாவது அப்படியே இருக்கும். முடிந்தால் கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே அதே ஆற்றின் நீரை எடுத்து வந்து சோதனை செய்யுங்கள், மீன்களை முதலில் அந்த நீரில் ஒன்றிரண்டு வாரம் பழக்குங்கள். சோதனை ஓடும் நாட்களில் தீனி போடாதீர்கள், மிச்சத் தீனியும் கழிவும் தாமிரத்தைக் கட்டிப்போடும்.

உப்பின் எடையை உலோகத்தின் எடையாக எழுதுவது

தாமிரத்துக்காகக் கலக்கும் மயில்துத்தத்தில் (காப்பர் சல்பேட் உப்பு) நான்கில் ஒரு பங்குதான் தாமிரம்.

கலந்த அளவையே மீன் பட்ட அளவாகக் கொள்வது

கலந்த உலோகம் தொட்டிச் சுவரிலும் ஒட்டும், ஈயம் கடின நீரில் படிந்தும் போகும். தினமும் வடிகட்டி அளந்ததை எழுதுங்கள்.

தசையை மட்டும் வெட்டியெடுத்து, மீன் நலம் என்பது

தசையில் பார்ப்பது சாப்பிடுகிறவருக்காக. மீனுக்கு என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டுமென்றால் செவுள், கல்லீரல், சிறுநீரகம் மூன்றும் வேண்டும். காட்மியம் சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் குவியும், தசைக்கு மிகக் கொஞ்சமே வரும். ஈயம் எலும்பில் போய்த் தங்கும். தசையில் காட்மியம் இல்லை என்று நிம்மதியாக எழுதப்பட்ட அறிக்கைகள் நிறையப் பார்த்திருக்கிறேன், அந்த மீனின் சிறுநீரகத்தை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். அப்புறம், குடலில் சேறு இருக்கும்போது முழு மீனை அரைத்தால் நீங்கள் அளப்பது சேற்றையும் சேர்த்துத்தான்.

ஈர எடையா, உலர் எடையா என்று சொல்லாமல் விடுவது

மீன் தசையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். எண் நான்கைந்து மடங்கு மாறும். சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு மீனில் ஈயத்துக்கு வைத்திருக்கும் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் என்ற வரம்பு ஈர எடைக்கு. உலர் எடை எண்ணை அதோடு ஒப்பிட்டு ஊரைப் பயமுறுத்தாதீர்கள்.

எல்லா உலோகமும் பாதரசம் மாதிரி என்று நினைப்பது

உணவுச் சங்கிலியில் படிக்குப் படி பெருகுவது முக்கியமாக மெத்தில் பாதரசம். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் பாக்டீரியாக்கள் அதை உருவாக்குகின்றன. பெரிய இரைபிடி மீனின் தசையில் உள்ள பாதரசம் கிட்டத்தட்ட முழுவதும் இந்த வடிவம்தான், வயதும் நீளமும் கூடக் கூட அதுவும் கூடும். அதனால் ஒரு ஏரியின் பெரிய விராலையும் இன்னொரு ஏரியின் சின்ன விராலையும் வைத்து எந்த ஏரி மோசம் என்று சொல்ல முடியாது. தாமிரமும் துத்தநாகமும் உடலுக்குத் தேவையானவை, மீன் அவற்றை ஓரளவு கட்டுப்படுத்தியே வைத்திருக்கும்.

சாகவில்லை என்றால் பாதிப்பில்லை என்பது

லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் தாமிரமே கோஹோ சால்மன் குஞ்சுகளின் மோப்ப நரம்புகளை மழுங்கடிக்கும் என்பது நிறுவப்பட்ட விஷயம். கெண்டை இன மீன்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அடிபட்ட கெண்டையின் தோலிலிருந்து கசியும் எச்சரிக்கைப் பொருள் சில துளி தண்ணீரில் விழுந்தால், நல்ல குஞ்சுகள் சட்டென்று தொட்டியின் அடியில் ஒன்றாக ஒண்டி அசையாமல் நிற்கும். என் தொட்டியில் குறைந்த அளவு தாமிரத்தில் இருந்த குஞ்சுகளுக்கு அதே துளிகளை விட்டேன். ஒன்று மட்டும் ஒரு கணம் நின்றது, பிறகு அதுவும் மற்றவற்றோடு மேலே வந்து இரை தேடத் தொடங்கியது. அந்தத் தொட்டிக்கு எதிரே என் குறிப்பேட்டில் இறப்பு எண்ணிக்கை: பூஜ்யம்.