ஓக் கொட்டையைத் தொட்டியில் முளைக்க வைப்பது

உளுந்து, பயறு மாதிரி காயவைத்து டப்பாவில் போட்டு வைக்கிற விதையல்ல ஓக் மரத்தின் கொட்டை (acorn). மாங்கொட்டை, பலாக்கொட்டை சாதி அது. ஈரம் போனால் உயிரும் போய்விடும். பூங்காவில் பொறுக்கி வந்து, ஹீட்டர் ஓடும் அறையில் அழகுக்குக் கிண்ணத்தில் வைத்திருந்துவிட்டு, கிறிஸ்துமஸ் கழிந்து நடுகிறவர்களுக்கு முளைக்காமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

இங்கே சொல்வது பிரிட்டனில் எங்கும் காணும் இங்கிலீஷ் ஓக்குக்கு. இலை விளிம்பு வட்ட வட்டமாக வளைந்திருக்கும், கொட்டை நீளக் காம்பில் தொங்கும். இலை மடல்களின் நுனி கூராக இருந்தால் அது சிவப்பு ஓக்காக இருக்கலாம். அதன் கொட்டை ஒரு குளிர்காலம் கடந்த பிறகே வேர்விடும்.

செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை கொட்டை உதிரும். முதலில் உதிர்பவற்றில் புழு விழுந்ததும் வளராததும் அதிகம், அவசரப்பட வேண்டாம். கொட்டையின் தலையில் கிண்ணம்போல் இருக்கும் தொப்பி லேசாகக் கழல வேண்டும். பென்சில் முனையளவு வட்டத் துளை இருந்தால் உள்ளே தின்று முடித்த வண்டுப்புழு வெளியேறிய வழி அது, எறிந்துவிடலாம். மீதியை ஒரு வாளித் தண்ணீரில் ஓர் இரவு போட்டு வைத்து, காலையிலும் மிதப்பதைக் கழியுங்கள். போட்ட உடனே பார்த்துக் கழிக்கக் கூடாது. சற்றே உலர்ந்த நல்ல கொட்டையும் முதலில் மிதக்கும். அன்றே நட முடியாவிட்டால் ஈர மரத்தூளோடு பையில் போட்டு, வாயை இறுகக் கட்டாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் செத்துவிடும்.

தொட்டியில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஓக் முதலில் அனுப்புவது தண்டை அல்ல, ஆணிவேரை. அதுவும் இலையுதிர் காலத்திலேயே. தயிர் கப்பில் நட்டால் வேர் அடியைத் தொட்டுச் சுருள ஆரம்பிக்கும். அந்தச் சுருள் பின்னால் நிமிராது. ஆழம் 25 செ.மீ. இருக்கட்டும், அகலம் 10 செ.மீ. போதும். அடியில் பெரிய துளைகள் வேண்டும். இரண்டு செங்கல்மேல் கம்பி வலை வைத்து அதன்மேல் தொட்டியை நிறுத்துங்கள்: துளைவழி எட்டிப் பார்க்கும் வேர்நுனி காற்றில் காய்ந்து நின்றுவிடும், உள்ளே பக்கவேர்கள் கிளைக்கும். தட்டில் வைத்தால் தண்ணீர் தேங்கி அழுகும். மண்மேல் வைத்தால் வேர் தரைக்குள் இறங்கி, தொட்டியைத் தூக்கும்போது அறுபடும்.

கலவை: கடையில் வாங்கும் தொட்டிக் கலவை 3 பங்கு, பருமணல் அல்லது பெர்லைட் (லேசான வெள்ளை எரிமலைக் கல் மணிகள்) 1 பங்கு. தோட்டத்து மண் மட்டும் போட்டால் இறுகிவிடும். தொட்டிக்கு ஒரு கொட்டை, படுக்கை வசமாக, 2–3 செ.மீ. ஆழத்தில். வேர் ஏற்கெனவே வந்திருந்தால் அது கீழ் நோக்கும்படி குழி தோண்டி இறக்குங்கள். நுனி ஒடிந்தாலும் பயமில்லை, புதிதாகக் கிளைக்கும். உரம் வேண்டாம், கொட்டையே முதல் சில மாதங்களுக்கான சாப்பாடு.

குளிர்காலம் முழுக்கத் தொட்டி வெளியில்தான். அணிலும் எலியும் ஒரே இரவில் அத்தனையும் காலி செய்துவிடும். 6 மி.மீ. கண்ணுள்ள கம்பி வலையால் மூடி விளிம்பை மடித்துக் கட்டுங்கள். பிளாஸ்டிக் வலை அவற்றின் பல்லுக்கு ஒரு பொருட்டே அல்ல.

தண்டு ஏப்ரல், மே மாதங்களில்தான் வரும். முளைத்ததா என்று கிளறிப் பார்த்தால் வேர் அறும். ஜூன் வரை பொறுங்கள். மேல்மண் 2 செ.மீ. காய்ந்ததும் நன்றாக நனையுங்கள். கோடையின் பிற்பகுதியில் இலையில் வெள்ளைப் பொடி படிவது சாம்பல் நோய். தொட்டிகளை நெருக்கி வைத்தாலும் வேர் காய்ந்தாலும் இது கூடும். இடைவெளி விட்டுக் காற்றோட்டம் கொடுங்கள். பெரும்பாலும் கன்று சாகாது, வளர்ச்சி தடைப்படும். அடுத்த குளிரில் இலை உதிர்ந்ததும் வீட்டுக்குள் தூக்கிவர வேண்டாம், அதற்கு உறக்கம் தேவை. கடும் உறைபனியில் தொட்டிகளைச் சுவரோரம் சேர்த்துச் சாக்கால் சுற்றினால் போதும்.

ஒன்று அல்லது இரண்டு வருடத்தில், நவம்பர் முதல் மார்ச்சுக்குள், இலையில்லாத நாளில் தரைக்கு மாற்றுங்கள். அதற்கு மேல் தொட்டியில் வைத்தால் வேர் சுற்றிக்கொள்ளும். இடம் பார்த்து நடுங்கள். லண்டன் பக்கத்துக் களிமண்ணில் ஓக் வேர் தண்ணீரை உறிஞ்ச, மண் சுருங்கி, வீட்டு அஸ்திவாரம் விரிசல் விடலாம். சுவரிலிருந்து 30 மீட்டர் விட முடியாத தோட்டமானால் நிலம் உள்ளவரிடம் கன்றைக் கொடுத்துவிடுவதே புத்திசாலித்தனம். முயல் மட்டும் உலவும் இடத்தில் கன்றைச் சுற்றி நிறுத்தும் 60 செ.மீ. உயரக் காப்புக்குழாய் போதும். ரோ மான் போன்ற சிறிய மான் வரும் இடத்தில் 1.2 மீட்டர்.