பினாங்குக் கடலோரத்தில் வாணவேடிக்கை: நிற்கும் இடத்தை முன்கூட்டியே முடிவு செய்வது எப்படி?

புத்தாண்டுக்கு முந்திய இரவில் பினாங்கில் வாணவேடிக்கை பார்க்கப் புறப்படுகிறவர்களில் பலர், வெடிக்கும் இடத்தை எவ்வளவு நெருங்கி நிற்கிறோமோ அவ்வளவுக்குக் காட்சி நன்றாக இருக்கும் என்று நம்பிப் ஜார்ஜ் டவுனின் கடலோரத் திடலான பாடாங் கோத்தா லாமாவின் கடற்சுவரை நோக்கியே விரைகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் விரைந்தேன். ஓர் ஆண்டு அக்காள் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு சுவரோரமாக நின்றபோது, முதல் நிமிடத்தில் எழுந்த புகை முழுவதும் காற்றோடு எங்கள் பக்கமே வந்து கவிந்துகொண்டது. அதன் பிறகு வெடித்த எதுவும் பூவாக விரியவே இல்லை. "மாமா, மேகத்துக்குள்ள யாரோ டார்ச் அடிக்கிறாங்க," என்றான் அவன். அவன் சொன்னதைவிடச் சரியாக அதை நான் விவரித்துவிட முடியாது. அந்த ஆண்டுக்குப் பின் நான் பழகிக்கொண்ட முறையை, முதன்முறையாகத் திட்டமிடுகிறவர்களுக்காக இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: ஏவும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

அறிவிப்புகளில் பெரும்பாலும் நிகழ்ச்சி நடக்கும் திடலின் பெயர்தான் இருக்கும். மேடை போடும் இடமும் வாணம் ஏவும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கடலோர நிகழ்ச்சிகளில் மிதவையிலிருந்தும் ஏவுவார்கள், வேலி அடைத்த கரைப்பகுதியிலிருந்தும் ஏவுவார்கள். எனவே அன்று பிற்பகலில் ஒரு நடை போய்ப் பாருங்கள். கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும் தட்டையான மிதவையோ, காவலர்கள் யாரையும் நெருங்க விடாத ஒரு மூலையோ கண்ணில் பட்டால், உங்கள் கணக்கு அங்கிருந்து தொடங்க வேண்டும். சென்ற ஆண்டு பார்த்த இடத்தை அப்படியே நம்பிப் போகாதீர்கள்; இடம் மாறுவதுண்டு.

இரண்டாம் படி: கைமுட்டியால் அளந்து பாருங்கள்

இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு வாண உருண்டை தன் விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறத்தாழ 30 மீட்டர் உயரம் ஏறிய பிறகு வெடிக்கும் என்பது பொதுவான கணக்கு. 6 அங்குல உருண்டை என்றால் சுமார் 180 மீட்டர். 3 அங்குல உருண்டை 90 மீட்டர். இனி, கையை முழுவதுமாக நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால், அந்த முட்டி ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். 1 கிலோமீட்டர் தொலைவில் 180 மீட்டர் உயரத்தில் வெடிக்கும் வாணம், தொடுவானத்திலிருந்து சரியாக ஒரு முட்டி உயரத்தில் தெரியும். 400 மீட்டர் தொலைவில் அது இரண்டரை முட்டி. 3 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பார்த்தால் இரண்டு விரல் அகலந்தான்.

இப்போது நீங்கள் நிற்க நினைக்கும் இடத்திலிருந்து, ஏவும் இடம் இருக்கும் திசையை நோக்கிக் கையை நீட்டுங்கள். இடையில் நிற்கும் அடுக்குமாடிக் கட்டடமோ மரக்கிளையோ முட்டிக்கு மேலே எழுந்து நின்றால், அது தாழ்வாக வெடிப்பவற்றை எல்லாம் விழுங்கிவிடும். உச்சத்தில் வெடிக்கும் ஒன்றிரண்டின் மேற்பாதி மட்டுமே உங்களுக்கு மிஞ்சும். கர்னி டிரைவ் கடலோரச் சாலையை அடுத்த உட்தெருக்களில் நின்று பார்க்கலாம் என்று யோசிக்கிறவர்கள் இந்தச் சோதனையைச் செய்யாமல் போகவே கூடாது. அங்கே கட்டடங்கள் இரண்டு, மூன்று முட்டி உயரத்துக்குச் சாதாரணமாக எழும்.

மூன்றாம் படி: காற்று

என் கருத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. பாடாங் கோத்தா லாமாவின் சுவரும் கர்னி டிரைவும் வடக்கு, வடகிழக்குத் திசைக் கடலைப் பார்த்தவை. ஆகவே டிசம்பர் 31 இரவில் கடல்மேல் எழும் புகை கரையில் நிற்கும் கூட்டத்தின்மீதே வந்து படிய வாய்ப்பு அதிகம். மெர்டேக்கா எனும் மலேசிய விடுதலை நாளுக்கு முந்திய இரவான ஆகஸ்ட் 30 அன்று அதே இடத்தில் புகை கடலுக்குள் போய்விடக்கூடும், ஆனால் அப்போது மழைக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். இது பொதுவான போக்கு மட்டுமே; பினாங்கில் இரவுக் காற்று பெரும்பாலும் மெல்லியது, கரைக்காற்றும் குறுக்கிடும். ஆதலால் பத்து மணிவாக்கில் கொடிக்கம்பங்களைப் பாருங்கள், அல்லது ஓர் ஊதுவத்தியைக் கொளுத்திப் பிடியுங்கள். புகை உங்கள் முகத்துக்கு வந்தால் இடத்தை மாற்றிக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது. காற்று பக்கவாட்டில் வீசும் இடமே மிக நல்லது. புகை ஒதுங்குவதும் தெரியும், அடுத்த வாணம் தெளிந்த வானத்தில் வெடிப்பதும் தெரியும்.

நான்காம் படி: இடங்களை ஒப்பிடுங்கள்

பாடாங் கோத்தா லாமாவுக்கு அருகிலிருந்து ஏவப்படும் ஆண்டுகளில் நான் எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த் பக்கம் போய்விடுகிறேன். பந்தாய் பெர்சேயிலிருந்து பார்த்தால் நீரிணைக்கு அப்பால் ஜார்ஜ் டவுனின் விளக்குகள் முழுவதும் வரிசையாகத் தெரியும். புத்தாண்டுக் காலக் காற்று புகையை நம்மிடமிருந்து தீவின் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். மூன்று, நான்கு கிலோமீட்டர் இடைவெளி இருப்பதால் வாணங்கள் சிறியவையாகத்தான் தெரியும் என்பதை முன்பே ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், பூ விரிந்து உதிர்ந்து மறைந்து, பத்து வரை எண்ணிய பிறகே அதன் ஓசை வந்து சேரும். வெடிச்சத்தத்துக்கு அஞ்சும் கைக்குழந்தைக்கும் முதியவர்களுக்கும் இந்தத் தொலைவே நன்மை. ஆனால் அதிர்வு நெஞ்சில் இடிக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள்.

கர்னி டிரைவில் நடைபாதை நீளமானது, சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் அலைய வேண்டாம். நீர் வற்றும் நேரமானால் சேறு வெளிப்பட்டு வாடை அடிக்கும் என்பதால், அன்றைய ஓதநேர அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள்.

பினாங்கு மலை எனப்படும் கொடிமலையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். உச்சியிலிருந்து வாணங்கள் நம் பாதத்துக்குக் கீழே வெடிப்பது புதுமையான காட்சிதான். ஆயினும் பாடாங் கோத்தா லாமா அங்கிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், வாணம் ஏறும் உயரம் ஒரு விரல் அகலத்தைத் தாண்டாது. மூடுபனி இறங்கினால் அதுவும் இல்லை. கடைசி மலை ரயில் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று கேட்காமல் ஏறாதீர்கள்.

சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு தனி வகை. ஹொக்கியன் மக்கள் ஜேட் பேரரசரை வணங்கும் அந்த இரவில், பெங்காலான் வெல்ட் சாலையோரத்தில் கரும்பு கட்டிய படையல் மேசைகள் நீளமாக நிற்க, சியூ ஜெட்டியைச் சுற்றிலும் நள்ளிரவில் வாணங்கள் எழும். மரத்தூண்களின்மேல் அமைந்த அந்தக் குறுகிய பலகைப் பாதைக்குள் சிறுவர்களை அழைத்துச் செல்ல நான் துணிவதில்லை. சாலையின் இப்புறம் நின்றாலே போதும், தலைக்கு மேலேதான் வெடிக்கும்.

ஐந்தாம் படி: திரும்பும் வழி

இடத்தைத் தேர்ந்த பிறகு திரும்பும் வழியை யோசிப்பது வழக்கம். நான் வழியை உறுதி செய்துகொண்ட பிறகே இடத்தைத் தேர்கிறேன். பாடாங் கோத்தா பக்கம் சாலைகளை மூடினால், உள்ளே நிறுத்திய கார் உள்ளேதான் இருக்கும். ஒருமுறை லெபோ லைட்டுக்கு அருகிலிருந்த சந்தொன்றில் காரை நிறுத்திவிட்டு, பின்னிரவு இரண்டரை மணிக்குத்தான் அம்மாவை வீட்டில் இறக்கிவிட முடிந்தது. இப்போது லிட்டில் இந்தியாவுக்கு அப்பால் காரை விட்டுவிட்டு, கடைசி இருபது நிமிடத்தை நடந்தே கடக்கிறேன். முகப்பு வெளியே போகும் திசையைப் பார்க்கும்படி நிறுத்துவது இன்னும் நல்லது. ஃபெரியை நம்பிப் பட்டர்வொர்த்திலிருந்து வருகிறவர்கள், அன்றைக்குக் கடைசிப் படகு எப்போது என்பதை முனையத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். ஃபெரியில் இப்போது கார் ஏற்றுவதில்லை, நடந்து வருபவர்களுக்கும் மோட்டார் சைக்கிள், சைக்கிள்களுக்குந்தான் இடம். கைப்பேசியில் அழைக்கும் கிராப் வாடகை வண்டி கிடைக்கும் என்று எண்ணுகிறவர்கள், அதே நிமிடத்தில் அதே சாலையில் மற்ற எல்லாரும் அதையே அழைப்பார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்கட்டும்.

கையோடு எடுத்துச் செல்ல வேண்டியவை சொற்பம்: விரிக்க ஒரு பாய், தண்ணீர், குழந்தைகளுக்குக் காது மூடி, தாராளமாக மின்னூட்டிய கைப்பேசி. படம் எடுப்பதென்றால் முதல் ஒரு நிமிடத்திலேயே எடுத்து முடித்துவிடுங்கள், அதற்குள் புகை சேர்ந்திருக்காது.

கடைசி வெடி அடங்கியதும் எழுந்து ஓடாதீர்கள். ஒரு முக்கால் மணி நேரம் பாயிலேயே அமர்ந்திருந்தால் சாலை தானாக வடிந்துவிடும். பசித்தால், கூட்டம் போகும் திசைக்கு எதிர்த்திசையில் நடந்து முதலில் திறந்திருக்கும் நாசி கண்டார் கடையில் நுழையுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம், அக்காள் மகன் சாப்பிட்டு முடிப்பதற்குள் தோளில் சாய்ந்து தூங்கிவிடுகிறான்.