சக்கரமுள்ள கனரக இயந்திரத்தைப் பேலட்டில் நிறுத்துவது எப்படி?

800×1200 மி.மீ. யூரோ பேலட் (சரக்கு வைக்கும் மரத்தட்டு) 1,500 கிலோ தாங்குவது, எடை மேற்பரப்பு முழுக்கச் சமமாகப் பரவினால்தான். சிறிய சக்கரங்கள் எடையை நான்கே இடங்களில் அழுத்தினால் பலகை முறியும். அதனால் முதலில் 18 மி.மீ. பிளைவுட்டை விரித்துத் திருகாணியால் இறுக்குங்கள்.

இயந்திரத்தை ஏற்றியபின் ஜாக்கியால் தூக்கி, அடிச்சட்டத்துக்குக் கீழே மரக்கட்டைகள் கொடுங்கள்; அவற்றையும் பேலட்டோடு திருகிவிடுங்கள். சக்கரம் பலகையைத் தொடவே கூடாது. எடை டயரில் நின்றால், லாரி குலுங்கும்போது டயர் அமுங்கி எழும், இயந்திரத்தைக் கட்டிய பட்டை தளரும். சக்கர பிரேக்கை மட்டும் நம்புவது ஆபத்து.

நான்கு ராட்செட் பட்டைகளை (நெம்பி இறுக்கும் கட்டுப்பட்டைகளை) எதிரெதிர்த் திசைகளில் சாய்வாக, சட்டத்திலேயே மாட்டுங்கள். கைப்பிடியில் வேண்டவே வேண்டாம். கூரான விளிம்புகளில் மூலைக்காப்பு வையுங்கள். புறப்பட்டுச் சிறிது தூரத்திலேயே நிறுத்தி, மறுபடி இறுக்குங்கள்.

நெடுநாள் இருப்பு வைப்பதானால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.